மின்வெட்டில் அலறி, பின்கதவில் ஊமையான அலாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகும் தொலைவில் ஒரு மாடி வீடு. 2004-இல் கட்டும்போதே சுவருக்குள் குழாய் பதித்து, எட்டு ஜோன் கொண்ட வயர் அலாரம் பொருத்தியிருந்தார்கள். ஜோன் என்பது ஒரு கதவிலிருந்தோ சென்சாரிலிருந்தோ, அலாரத்தின் மூளையான பேனலுக்கு வந்து சேரும் தனிச் சுற்று. இன்று அந்த வீட்டில் எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். என்னை அழைத்தபோது அலாரத்தை அணைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. இரவில் காரணமில்லாமல் சைரன் அலறுகிறது, அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்க முடியவில்லை என்பதே புகார். அடுத்த தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அதைச் சரிசெய்யும் எண்ணம் வந்திருக்கிறது.

"மின்சாரம் போனால் சில நாள் அடிக்கிறது, சில நாள் அடிப்பதில்லை, தம்பி. அடித்தாலும் ஒரே மூச்சாக அடிப்பதில்லை. விட்டு விட்டு அடிக்கிறது" என்றார் வீட்டுப் பெரியவர்.

பாதிக் கண்டுபிடிப்பு அந்த வார்த்தைகளிலேயே இருந்தது. ஆனால் முன்பு வந்து பார்த்தவர்கள் கூடத்தில் உள்ள அசைவு சென்சாரைத்தான் குற்றவாளியாக்கியிருந்தார்கள். அதை ஒருமுறைக்கு இருமுறை மாற்றியும் சைரன் நிற்கவில்லை. மகன் தொலைபேசியில் பேசினார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வைஃபை கேமராவும் வயரில்லாத சென்சார்களும் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது, சுவருக்குள் ஓடும் நல்ல செம்பு வயர்களை ஒரு பழைய பேட்டரியின் பழுதுக்காகக் கைவிடுவதுதான்.

பேட்டரி: மீட்டரில் நல்லது, சுமையில் கெட்டது

பேனல் பெட்டி முதல் மாடி அறையின் பரணில், காங்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. திறந்ததும் உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. உள்ளே வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி. அதன் உடம்பில் இருந்த தேதிப்படி வயது ஏழுக்கு மேல். இவ்வகை பேட்டரிகள் நல்ல சூழலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும். அந்தக் கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். சித்திரை, வைகாசியில் அந்தப் பரண் என்ன வெப்பத்தில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்தைக் கொடுத்துச் சிறிது நேரம் சார்ஜ் ஏறவிட்டு, பேட்டரியைத் தனியாகக் கழற்றி மீட்டரை வைத்தால் 12.7 வோல்ட் காட்டியது. முன்பு வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். மீட்டர் இழுப்பதோ மின்னோட்டமே இல்லை என்கிற அளவு. உள்தடை ஏறிப்போன பேட்டரியும் அந்த நிலையில் முழு வோல்ட் காட்டும். எனவே 21 வாட் கார் பல்பு ஒன்றை அதன் குறுக்கே இணைத்தேன். நல்ல 7 ஆம்பியர்-மணி பேட்டரி இந்தச் சுமையில் அரை மணி நேரமானாலும் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. இது ஒரு நிமிடத்துக்குள் பத்தைத் தொட்டு, பிறகு எட்டுக்கு வந்தது. பல்பு கண்ணெதிரே சிவந்து மங்கியது. பக்கத்தில் நின்று பார்த்த பெரியவருக்கு அதன் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேட்டரி செத்தால் அலாரம் பேசாமல்தானே இருக்க வேண்டும், ஏன் அலற வேண்டும்? இதற்குப் பதில் அசைவு சென்சாரின் உள்ளே இருக்கிறது. கூடத்திலும் மாடிப்படியிலும் உள்ள சென்சார்களில் ஒரு சிறு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், உண்டு. அமைதியான நேரத்தில் அந்த ரிலே மின்னூட்டத்தில் இழுபட்டு, தொடர்பு மூடியபடி இருக்கும். யாராவது நடமாடினால் ரிலே விடுபடும், தொடர்பு திறக்கும், பேனல் அதை ஊடுருவலாகக் கொள்ளும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்: சென்சாருக்குப் போகும் மின்சாரத்தைத் திருடன் துண்டித்தாலும் அலாரம் அடிக்க வேண்டும் என்பதற்காக. பெரும்பாலான சென்சார்களுக்கு வேலை செய்யக் குறைந்தது 9 வோல்ட் தேவை. மின்வெட்டில் இந்த முதிய பேட்டரி சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும், பிறகு சரியும். வோல்ட் சரிந்ததும் இரண்டு ரிலேக்களும் விடுபடும். யாருமில்லாத வீட்டில் இரண்டு இடங்களில் ஆள் நடமாட்டம் என்று பேனல் முடிவுகட்டும்.

பிறகு சைரன். அது ஒலிக்கத் தொடங்கியதும் சுமை பலமடங்காகிறது, பேட்டரி மேலும் சரிகிறது, பேனலே நின்றுபோகிறது. பேனல் நின்றால் சைரனும் நிற்கும். சுமை இறங்கிய பேட்டரி சற்று மூச்சு வாங்கி மேலே வரும், பேனல் விழிக்கும், மறுபடி அலறும். விட்டு விட்டு அடித்தது இதனால்தான். சில நாள் அடித்து, சில நாள் அடிக்காததற்கும் இதுவே காரணம்: இரண்டு நிமிடத்தில் திரும்பிவந்த மின்சாரம் பேட்டரியைச் சோதிக்கவில்லை, பத்து நிமிடம் போன மின்சாரம் சோதித்தது.

ஊகத்தோடு விட்டுவிடக் கூடாது என்பதால் சைரன் வயரைக் கழற்றிவிட்டு, சென்சார்களுக்கு மின்சாரம் போகும் முனைகளில் மீட்டரை மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்தோம். 13.7-இல் இருந்த எண் இறங்கிக்கொண்டே போய் ஒன்பதைத் தாண்டியபோது, ஆளே இல்லாத கூடத்தில் சென்சாரின் சிவப்பு விளக்கு எரிந்தது. மாடிப்படி சென்சாரும் உடன் எரிந்தது. உரிமையாளரின் ரகசிய எண்ணைக் கொண்டே பார்க்கக்கூடிய நிகழ்வுப் பதிவையும் புரட்டினேன். மின்வெட்டு நேரத்துப் பழைய அலறல்கள் ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு ஜோன்களும் ஒரே நிமிடத்தில் விழுந்திருந்தன. ஒரு கதவு ஜோன்கூட அவற்றுக்கு முன்னால் விழவில்லை. கதவையோ ஜன்னலையோ திறக்காமல் கூடத்திலும் படியிலும் சேர்ந்து தோன்றும் திருடன் இல்லை. அந்தப் பதிவை யாராவது ஒருமுறை படித்திருந்தால் இரண்டு சென்சார்களின் விலை மிச்சமாகியிருக்கும்.

யாரும் புகார் செய்யாத பழுது

பேட்டரியை மாற்றியதும் அந்த வீட்டார் கேட்ட வேலை முடிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்த வீடு முன்பைவிட ஆபத்தான நிலைக்குப் போயிருக்கும். அலறாத அலாரத்தை எல்லோரும் நம்பத் தொடங்கியிருப்பார்கள்.

வீட்டின் ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, எண்களை அழுத்தும் பலகையான கீபேடில் அதற்குரிய விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எந்த வேலைக்கும் முதல் பாடம். முன்கதவு எரிந்தது. மொட்டைமாடிக் கதவு எரிந்தது. சமையலறைக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போகும் கதவைத் திறந்தோம். கீபேட் 'தயார்' என்றே சொன்னது. மூடித் திறந்தோம், அகலத் திறந்து வைத்துக்கொண்டே அலாரத்தை இயக்கினோம். அதற்கும் இசைந்தது. திருடன் தேடும் வழிகளில் பின்கதவும் ஒன்று. இந்த வீட்டில் அந்த ஒரு கதவுக்குத்தான் காவல் இல்லை.

"அப்படியென்றால் இத்தனை வருடமும்?" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு ரெசிஸ்டரைப் பற்றி, அதாவது மின்னோட்டத்துக்குக் குறிப்பிட்ட அளவு தடை தரும் பாகத்தைப் பற்றி, சொல்ல வேண்டும். அமெரிக்காவில், பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-இல் காப்புரிமை பெற்ற மின்சாரத் திருட்டு மணியில், கதவு திறந்தால் சுற்று மூடிக்கொண்டு மணி அடிக்கும். வயரை வெட்டிவிட்டால் மணிக்கு வேலையில்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: சுற்று எப்போதும் மூடியிருக்கும், அறுந்தால் மணி அடிக்கும். இன்று கதவில் நாம் பொருத்தும் காந்தச் சுவிட்சுக்குள் இருக்கும், காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. அதுவும் இந்த மூடிய சுற்றில்தான் வேலை செய்கிறது. ஆனால் மூடிய சுற்றுக்கும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு வயர்களையும் வழியில் எங்காவது ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், அதற்கப்பால் உள்ள கதவு திறந்தாலும் மூடினாலும் பேனலுக்குத் தெரியாது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் ரெசிஸ்டர். இந்தப் பேனலுக்கு 5.6 கிலோ ஓம். வயரின் கடைக்கோடியில், கதவுச் சுவிட்சுடன் தொடராக அது இருக்க வேண்டும். பேனல் எப்போதும் 5.6 கிலோ ஓம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கதவு திறந்தால் சுற்று அறும். வயர்கள் ஒட்டிக்கொண்டால் தடை சுழியாகும். இரண்டுமே தவறான எண் என்பதால் இரண்டுக்குமே எச்சரிக்கை வரும். இந்த வீட்டில் எட்டு ரெசிஸ்டர்களையும் பேனல் பெட்டிக்குள்ளேயே, முனைகளில் முறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அப்படிச் செய்ய ஒரு காரணமும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டர், சுவருக்குள் வயர்கள் ஒட்டிக்கொண்டாலும் பேனலுக்கு 5.6 கிலோ ஓமையே காட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குறுக்குவழியை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

பின்கதவு ஜோனின் இரண்டு வயர்களையும் பேனலிலிருந்து விடுவித்து ஓம் அளந்தோம். மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தபின், கதவு மூடியபோது 1.3 ஓம். கதவைத் திறந்தால் சுற்று அறுந்து எண்ணே வரக் கூடாது. அப்போதும் வந்தது அதே 1.3 ஓம். சுவருக்குள் எங்கோ வயர்கள் ஒட்டியிருந்தன. எங்கே என்பதையும் அதே எண் சொல்லிவிட்டது. இந்த வகை மெல்லிய வயர் மீட்டருக்கு 0.08 ஓம் அளவு தடை கொண்டது. போகவும் வரவும் என்று இரண்டு மடங்காகக் கணக்கிட்டால் பேனலிலிருந்து ஏறத்தாழ எட்டு மீட்டர். குழாய் போன வழியில் அளந்து பார்த்தால் அது சமையலறையின் மேல் அலமாரி நிற்கும் சுவர். சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமையலறையைப் புதுப்பித்து மாடுலர் அலமாரிகள் மாட்டியிருக்கிறார்கள். அலமாரியின் திருகாணி ஒன்று குழாயைத் துளைத்து, வயரின் உறையைக் கிழித்து, இரண்டு செம்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. திருகாணியைக் கழற்றியதும் கதவு திறந்த நிலையில் மீட்டர் வெறுமையாகியது.

நான்கு கம்பி கொண்ட அந்த வயரில் இரண்டு கம்பிகள் பயன்படாமல் இருந்தன. அவற்றுக்கு மாற்றிவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் சமையலறையின் ஆவியும் கடற்காற்றின் உப்பும் சேரும் இடத்தில், உறை கிழிந்த வயரை அப்படியே விடுவது அடுத்த பழுதுக்கு நாள் குறிப்பது. அலமாரியை இறக்கி, சுவரைச் சிறிது கொத்தி, கெட்ட பகுதியை வெட்டி, ஈயம் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடினோம். கதவருகே பழைய முறுக்கு இணைப்பு ஒன்று வெறும் டேப் சுற்றியபடி இருந்தது. பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. அதையும் அப்படியே சரிசெய்தோம். ரெசிஸ்டர்கள் எல்லாம் பெட்டியை விட்டு வெளியேறி, அவை இருக்க வேண்டிய கடைக்கோடிக்குப் போயின.

பின்கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கிரில் கதவும் உண்டு. அதில் சாதாரண காந்தச் சுவிட்ச் வைத்தால் இரும்பு காந்தப்புலத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சுவிட்ச் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது. இரும்புக் கதவுக்கென்றே அகன்ற இடைவெளியில் வேலை செய்யும் கனமான வகை கிடைக்கிறது. அதைப் பொருத்தினோம்.

வைத்துக்கொண்டதும் மாற்றியதும்

பேனலை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மகன் சொன்ன காரணத்துக்காக அல்ல. அமைப்பை மாற்றத் தேவையான நிறுவுநர் எண் யாரிடமும் இல்லை, பொருத்திய நிறுவனமும் இப்போது இல்லை. அதைவிட முக்கியம், தொலைபேசி. பழைய பேனல் தரைவழித் தொலைபேசி வழியாக மூன்று எண்களை அழைத்துப் பதிவுசெய்த குரலை ஒலிக்கும். அந்தக் காலத்துச் செம்புத் தொலைபேசிக்கு இணைப்பகமே 48 வோல்ட் அனுப்பியது. வீட்டில் மின்சாரம் போனாலும் தொலைபேசி பேசும். இப்போது அந்த எண் ஃபைபர் மோடத்துக்கு மாறிவிட்டது. மின்சாரம் போனால் மோடம் அணையும், தொலைபேசியும் அணையும். அலாரம் அடித்தாலும் அழைப்பு வெளியே போகாது.

வயரும் வயரில்லாச் சென்சாரும் இரண்டையும் ஏற்கும் ஹைபிரிட் பேனல் ஒன்றை 4ஜி பகுதியோடு தேர்ந்தெடுத்தோம். சிம் போட்டு அழைக்கும், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜிஎஸ்எம் பெட்டிகள் பல 2ஜியில் மட்டும் வேலை செய்பவை. ஜியோ போல 2ஜியே இல்லாத வலைப்பின்னலின் சிம்மை அவற்றில் போட்டால் பதிவாகாது. வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும். சிம்மை வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. ரீசார்ஜ் காலாவதியானால் பேனல் ஊமையாகிவிடும். ஆண்டுத் திட்டமாகப் போட்டு, அந்தப் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டார்.

முழுக்க வயரில்லாமல் போவதற்கு நான் சம்மதிக்காத காரணத்தை மகனிடம் சொன்னேன். இந்த வீட்டில் காவல் வேண்டிய திறப்புகள் பன்னிரண்டுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி. அவை ஒவ்வொன்றாகத் தீரும். ஒவ்வொரு முறையும் யாரோ முக்காலி போட்டு ஏற வேண்டும். இருப்பவர்கள் எழுபதைக் கடந்தவர்கள். வயர் போன சுவிட்சுக்கு பேட்டரியே கிடையாது. கேமராவைப் பொறுத்தவரை, வாசலுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேமரா பெரும்பாலும் நடந்ததைக் காட்டுகிறது. கதவு விரியும் நொடியில் வீட்டாரை எழுப்புவது கதவுச் சுவிட்சின் வேலை. மகன் ஒப்புக்கொண்டார்.

அசைவு சென்சார்களை வைத்துக்கொண்டோம். ஆனால் அவற்றை மட்டும் நம்பவில்லை. மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிருக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அவை பார்க்கின்றன. மே மாதத்தில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் சுவர் உடல் சூட்டை நெருங்கும்போது அந்த வேறுபாடு மங்கிவிடும். கூடத்துச் சென்சாரின் வயர் துளை அடைபடாமல் இருந்ததால் உள்ளே பல்லி குடியிருந்த அடையாளங்கள் தெரிந்தன. சுத்தம் செய்து சிலிகான் வைத்து மூடினோம்.

வெளிச்சுவரின் சைரன் பெட்டி உப்புக்காற்றில் துருவேறிப் பொடிந்திருந்தது. பாலிகார்பனேட் பெட்டியாக மாற்றினோம். சைரன் நான்கு நிமிடத்தில் தானாக அடங்கும்படி அமைத்தேன். ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை வகுத்திருக்கும் அளவு 45 டெசிபல். சைரனை அதற்குள் அடக்க முடியாது. அடிக்கும் நேரத்தையாவது சுருக்குவது அண்டை வீட்டாருக்கு நாம் காட்டும் மரியாதை. அடுத்த முறை அது அடிக்கும்போது அவர்கள் எட்டிப்பார்க்க வேண்டுமே.

இதையெல்லாம்விட அதிக நேரம் பிடித்தது கீபேட் பாடம். பழைய பேனலில் 'வீட்டில் இருக்கிறோம்' என்ற நிலை இருப்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நிலையையே இரவிலும் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா நள்ளிரவில் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தாலே சைரன் அடித்திருக்கிறது. அவர் அதற்குப் பயந்து இரவில் அறையை விட்டு வராமலே இருந்திருக்கிறார். இப்போது இரவு நிலையில் அசைவு சென்சார்கள் விலகிக்கொள்ளும். கதவுகளும் ஜன்னல்களும் மட்டும் காவலில் இருக்கும். அவரையே பொத்தானை அழுத்தச் சொல்லி, கூடத்தில் நடக்கச் சொல்லி, பிறகு பின்கதவைத் திறக்கச் சொன்னேன். சைரன் ஒலித்ததும் அவர் திடுக்கிட்டார். பிறகு தானே எண்ணை அழுத்தி நிறுத்தினார். பகலில் எந்தக் கதவு திறந்தாலும் கீபேட் ஒரு சிறு மணியோசை கொடுக்கும்படியும் வைத்தேன். அந்த ஓசை கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவின் சுற்று பரிசோதிக்கப்படுகிறது. தனியாக நாள் பார்த்துச் சோதிக்க வேண்டியதில்லை.

இறுதிச் சோதனையாக மெயினை அணைத்து ஓர் இரவு முழுக்க விட்டோம். பேனலும் சென்சார்களும் சேர்ந்து இழுத்தது 180 மில்லியாம்பியர். புதிய 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது கணக்கில் ஏறத்தாழ 39 மணி நேரம். நடைமுறையில் ஒரு நாளை நம்பலாம். காலையில் பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலேயே இருந்தது. சைரனையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தோம், விட்டு விட்டு அடிக்கவில்லை.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்க முடியவில்லை. எல்லா வயர்களும் அங்கேதான் வந்து முடிகின்றன. அந்த வெப்பத்தைக் கருதி, பேட்டரியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லி, பொருத்திய தேதியை அதன் மேலும் பெட்டி மூடியின் உட்புறத்திலும் எழுதினேன். அதன் கீழே ஜோன் பட்டியல், நிறுவுநர் எண் இருக்கும் உறை வீட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, ரெசிஸ்டர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரம். அடுத்து வரும் தொழிலாளி யாராக இருந்தாலும் அவர் இருட்டில் தடவக் கூடாது. ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை அலாரம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

மாடி ஜன்னல்களின் வயர் மட்டும் சரியாகவில்லை. சுவருக்குள் எங்கோ முழுதாக அறுந்திருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையே தொடர்பே இல்லை. அங்கே மட்டும் வயரில்லாச் சென்சார்கள் இரண்டு வைத்திருக்கிறோம். அடுத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரைத் திறந்து புது வயர் இழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை அந்த இரண்டு சென்சார்களின் பேட்டரி நிலையை மகன் தம் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்.